கம்பி மாறியிருக்குங்க

அந்தப் பையைச் சித்தே அக்கட்டால நகத்தி வச்சுக்கறீங்களா? என்ர முழங்கால்ல இடிச்சுட்டே வருது. மேல பலகையில இடமிருக்குதே, வைக்கப்படாதா? ஒடஞ்சுருமா? அப்படி என்னங்க உள்ள, சின்னக் கிடாரு மாதிரி?

அட சாமி. உகுலேலேங்களா.

புள்ளைக்கு வாங்கிட்டுப் போறீங்களா. ஒம்பது வயசா. நல்லாக் கத்துக்கட்டும், நான் எதுக்கு வேண்டாங்கறேன். ஆனா ஒன்னு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. அதை உங்க சம்சாரம் கையில மட்டும் கொடுத்துராதீங்க. சிரிக்கறீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லலீங்க. எங்கூட்டுக்காரி இந்த டப்பாவாலதான் மூணு மாசமா சத்தியமங்கலத்துல அவ தங்கச்சி ஊட்ல போயி உக்காந்திருக்கறா. நான் இப்ப அங்கதான் போறேன். கூட்டிட்டு வரத்தான் போறேன்.

நீங்களும் சத்தியா? அப்பச் சரி. இந்த மைசூர் வண்டி அங்க போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்குது. கேளுங்க. கேட்டுட்டு யாரு பக்கம் நாயம்னு நீங்களே சொல்லுங்க. எங்க சொந்தத்துல கேட்டா எல்லாரும் அவ பக்கம். என்ர சொந்தப் பொண்ணு உட்பட.

எனக்குப் பேரு நாச்சிமுத்துங்க. பம்ப் கம்பெனியில முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். ஒவ்வொரு பம்பும் நான் தட்டிப் பாத்து, அளந்து பாத்துத்தான் வெளிய போகோணும். ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்புப் பெயின்ட் அடிச்சு ஓரங்கட்டிருவேன். முதலாளியே வந்து நின்னாலும் அந்தப் பெயின்ட்டை அழிக்க முடியாது. இப்ப ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. சரவணம்பட்டியில அப்பார்ட்மென்ட்ல ஊடு. அறுபது குடும்பம் இருக்குது. எல்லாரும் என்னைப் பாத்தா எந்திரிச்சு வணக்கம் சொல்லுவாங்க. சொல்லிட்டிருந்தாங்க.

அவ பேரு வசந்தாமணி. தங்கமான பொம்பளைங்க, அதுல ஒன்னும் குத்தம் சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை. பீச்சாங்கைப் பழக்கம். பொறந்ததுல இருந்தே இருக்குதாம். பொண்ணு பாக்கப் போனப்ப எப்படித் தெரியும்? காப்பித் தட்டை ரெண்டு கையாலயும்தானே புடிச்சுட்டு வருவாங்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாள், எங்க பெரியப்பனுக்கு வெத்தலை எடுத்து நீட்டறா, இடது கையில. சொந்தம் பந்தம், ஒறம்பரை அத்தனையும் பாக்குது. எனக்கு மானம் போயிருச்சு. மெதுவா அவகிட்டப் போயி, காதுல, "கை" அப்படின்னேன். சட்டுன்னு மாத்திக்கிட்டா.

அவ்வளவுதானுங்க. இந்த இருபத்தெட்டு வருஷத்துல அவளை நான் ஒரு அடி அடிச்சதில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரே வார்த்தைதான். கோயில்ல திருநீறு வாங்க இடது கை நீண்டா, "கை." கண்டக்டர்கிட்டச் சீட்டு வாங்க நீண்டா, "கை." சோறு போடறப்ப கரண்டி அந்தப் பக்கம் போனா, "கை." திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, கரண்டி தானா வலது கைக்கு வந்துரும். சமையக்கட்டுல அவ காய் அரியற சத்தம் கேட்டுட்டு இருக்கும். நான் செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா அது சித்தே நிக்கும். அப்பறம் மறுபடி ஆரம்பிக்கும், கொஞ்சம் மெதுவா. எனக்குத் தெரியும், கத்தி கை மாறிடுச்சுன்னு. எவ்வளவு மருவாதி பாருங்க. அப்படி இருந்தவளுங்க அவ.

இந்தச் சனியன் எப்படி ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னு கேளுங்க. எங்க பொண்ணு இந்துஜா வாங்குனது. கொரோனா சமயத்துல ஊட்டுலயே அடைஞ்சு கெடந்தாங்கல்ல, அப்ப தபால்ல வர வச்சா. ஒரு வாரம் டிங் டிங்குன்னு தட்டிட்டு பீரோ மேல போட்டுட்டா. கல்யாணமாகி பெங்களூரு போறப்பவும் அதை எடுத்துட்டுப் போகலை. போன வருஷம் ஆடி மாசம் ஊடு தொடைக்கறப்ப இவ அதைக் கீழ எறக்குனா. தொடைச்சா. மடியில வச்சா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுங்க. குழந்தைங்க பொம்மையை மடியில வச்சுட்டு ஐம்பத்தொரு வயசுப் பொம்பளை உக்காந்திருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?

எங்க பில்டிங்ல மூணாவது மாடியில மெர்லின்னு ஒரு பொண்ணு. ஐ.டி.யில வேலை. சனி ஞாயிறு கீழ ஹால்ல குழந்தைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கறா. இவ ஒரு நாள் அதைத் தூக்கிட்டு அங்க போயிட்டா. ஏழெட்டு வயசுல எட்டுப் பொடிசுங்க வட்டமா உக்காந்திருக்குது. நடுவுல இவ, சேலையைக் காலுக்கடியில சொருகிட்டு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு. மேல வந்தவகிட்டக் கேட்டேன். "உனக்கு எதுக்குடி இந்த வேலை, பேரன் பேத்தி எடுக்கற வயசுல?" "சும்மாத்தானுங்க. கை விரலு மரத்துப் போகுதுல்ல, அதுக்கு நல்லதாமா." இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது.

முதல் மாசம் ஒன்னும் வரலை. நானே சந்தோசப்பட்டேன், விட்டுருவான்னு. வலது கையில தட்டோணும், இடது கையில கம்பியை அமுத்தோணும், அதானே மொறை? அவளுக்கு விரலு நிக்க மாட்டேங்குது. குழந்தைங்க மூணு பாட்டு வாசிக்குது, இவ முதல் பாடத்துலயே நிக்கறா. இடது கை விரலு நுனியெல்லாம் கன்னிப் போயி, பாத்திரம் புடிச்சா எரியுதுன்னு துணியைச் சுத்திக்கிட்டா. நான், "வராததை எதுக்குப் போட்டு இழுக்கறே"ன்னேன்.

அப்பறம் ஒரு நாள் அந்த மெர்லின் கேட்டிருக்கறா. "ஆன்ட்டி, நீங்க லெஃப்ட் ஹேண்டா?" இவ இல்லைன்னுட்டா. பழக்கம் பாருங்க, இல்லைன்னுதான் சொல்ல வரும். அந்தப் பொண்ணு விடலை. "சரி, கண்ணை மூடுங்க. கையில பிரஷ் இருக்கற மாதிரி நெனச்சுக்கிட்டுப் பல்லு விளக்குங்க" அப்படின்னாளாம். இவளும் கண்ணை மூடி விளக்கியிருக்கறா. இடது கையில. எட்டுக் குழந்தைங்களும் கைதட்டிச் சிரிச்சிருக்குது. இவளும் சிரிச்சிருக்கறா. அன்னைக்குப் பொழுதோட சாப்பாடு போடறப்ப இதை எங்கிட்ட வந்து சொல்றா, சொல்லிட்டு மறுபடி கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறா. எனக்குச் சிரிப்பு வரலீங்க. இருபத்தெட்டு வருஷமா நான் பாடுபட்டு மாத்துனதை, நேத்து வந்த ஒரு பொண்ணு பத்து நிமிஷத்துல கெடுத்துட்டா. அவளுக்கு என்ன உரிமைங்க இருக்குது?

மறுநாளே ரெண்டு பேரும் டவுனுக்குப் போயி, ஒப்பணக்காரத் தெருப் பக்கம் ஸ்டீபன்னு ஒருத்தர் வாத்தியக் கடை வச்சிருக்கறார், அங்க கம்பியைத் தலைகீழா மாத்திட்டு வந்துட்டாங்க. மேல இருக்கற கம்பி கீழ, கீழ இருக்கறது மேல. இடது கைக்காரங்க அப்படி மாத்தித்தான் வாசிக்கோணுமாமா. அதுக்குக் கம்பி உக்கார்ற காடியைக்கூட அராவிக் கொடுத்திருக்கறார்.

அப்பறம் பாக்கோணுமே! ஒரு வாரத்துல முதல் பாட்டு. ஒரு மாசத்துல நாலு பாட்டு. வலது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கிட்டா. இட்லி வெந்துட்டு இருக்கும், இவ பால்கனியில டிங்கு டிங்குன்னு உக்காந்திருப்பா. நான் தெனம் நாலு மணிக்கு நடக்கப் போவேன், அந்த நேரத்துல வாசிக்கறான்னு தெரிஞ்சு நடக்கறதைக் காலையிலக்கி மாத்துனேன். ஊட்டுலயே உக்காந்து பேப்பர் படிச்சேன். அப்பவும் வாசிச்சா. டி.வி.யைச் சத்தமா வச்சேன். மொட்டை மாடிக்குப் போயிட்டா.

ஒரு நாளு முன்னால நின்னு பாத்தேன். இடது கை கம்பி மேல போயிட்டுப் போயிட்டு வருது, அவ்வளவு லேசா. அந்தக் கை அப்படி ஆடி நான் பாத்ததே இல்லை. நான் சொன்னேன். "கை."

அவ நிறுத்தலை. நிமுந்து பாத்து, "இதுக்கு இதுதானுங்க கை" அப்படின்னா. மறுபடி குனிஞ்சு வாசிக்க ஆரம்பிச்சுட்டா.

கோவமா சொல்லியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வந்திருக்காதுங்க. சாதாரணமாச் சொன்னா. உப்பு டப்பா அந்தப் பக்கம் இருக்குதுன்னு சொல்ற மாதிரி. அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கலை. நான் என்ன பெருசாக் கேட்டேன்? ஒரே ஒரு தடவை மாத்திக்காட்டிட்டு, நான் போனதுக்கப்பறம் எந்தக் கையில வேணும்னாலும் வாசிச்சிருக்கலாம்ல?

என்ன? நான் அவளைப் புரிஞ்சுக்கலைங்கறீங்களா? எனக்குப் புரியாததுன்னு ஒன்னும் கெடையாதுங்க. மெஷினு மனுசன் எல்லாம் ஒன்னுதான். கம்பெனியில புதுசா வந்த ஒரு ஃபிட்டரு, இடது மரை போட்ட நட்டை வலது பக்கமாத் திருகித் திருகி ஒரு தண்டையே நாசம் பண்ணிட்டான். சில பம்புல சுத்தற பக்கத்துக்குத் தகுந்த மாதிரி இடது மரைதான் வெட்டியிருக்கும், அதைத் தெரிஞ்சுக்காம முரட்டுத்தனம் காட்டுனா எப்படி? அத்தனை பேரு முன்னாடி அவனைக் கிழிகிழின்னு கிழிச்சேன். "மரை எந்தப் பக்கம்னு பாருடா மொதல்ல, அப்பறம் பலத்தைக் காட்டு"ன்னு. இன்னைக்கும் கம்பெனியில அதைச் சொல்லுவாங்க. எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு அந்த அளவுக்கு நுணுக்கம் தெரியும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். தை மாசம் எங்க அப்பார்ட்மென்ட்ல ஆண்டு விழா. மெர்லின் புள்ளைங்க எல்லாம் சேந்து வாசிக்கும், கடைசியில வசந்தாமணி தனியா ஒரு பழைய பாட்டு வாசிச்சுப் பாடுவான்னு நோட்டீஸ்லயே போட்டாச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க. சத்தியில இருந்து தங்கச்சி, சகலை, அவங்க புள்ளைங்க, பெருந்துறையில இருந்து மச்சினன் குடும்பம், எல்லாத்துக்கும் அவளே போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கறா. அவ ஜென்மத்துல யாரையும் எதுக்கும் கூப்பிட்டதில்லை. ஊட்டு விசேசத்துக்குக்கூட நாந்தான் கூப்பிடுவேன். "நான் வாசிக்கறேன், வந்து பாரு"ன்னு போன்ல சொல்றா. குரலே வேற மாதிரி இருக்குது.

நீங்களே யோசிங்க. அத்தனை ஒறம்பரையும் முன்னாடி உக்காந்திருக்கும். எங்க பழைய மேனேஜரு அதே பில்டிங்ல இருக்கறார், அவரும் வருவார். இவ மேடையில உக்காந்துட்டு பீச்சாங்கையில தட்டுவா. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? நாச்சிமுத்தால ஒரு கையைத் திருத்த முடியலைன்னுதானே?

அதனால நான் ஒரு உதவி பண்ணுனேன்.

விழா அன்னைக்கு மத்தியானம். அவ விழாவுக்கு வர்றவங்களுக்குக் கேசரி கிண்டறதுல இருந்தா. நான் அந்த டப்பாவைப் பையோட எடுத்துட்டு டவுனுக்குப் போயி, கம்பியைப் பழையபடி மாத்தி வாங்கிட்டு வந்து, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். ஏன்னு கேட்டா, மெர்லின்கிட்ட இருக்கற எட்டும் ஒரு மாதிரி இருக்குது, இது மட்டும் வேற மாதிரி இருக்குது. கடைக்காரர் தப்பா மாட்டிட்டார்னு நெனச்சேன். நான் இன்ஸ்பெக்‌ஷன் ஆளுங்க. ஒம்பதுல ஒன்னு மாறியிருந்தா என்ர கண்ணு அதைத்தான் பாக்கும். தெரியாம, நல்லதுன்னு நெனச்சுப் பண்ணுனது. இதைத்தான் அவகிட்டச் சொல்லப் போறேன். எப்படி இருக்குது? நம்பற மாதிரி இருக்குதுங்களா?

இருங்க, முழுசாக் கேளுங்க.

அவளுக்குப் பாக்க நேரமில்லை. சேலை மாத்தவும் ஒறம்பரை வரவும் சரியா இருந்துச்சு. பையோட எடுத்துட்டுப் போயிட்டா. புள்ளைங்க வாசிச்சு முடிச்சுது, இவ பேரைக் கூப்பிட்டாங்க. போயி நாற்காலியில உக்காந்தா. வெளிர் பச்சைப் பட்டு. மூணாவது வரிசையில நான். முதல்ல சும்மா ஒரு தடவு தடவுனா. நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா தடவுனா நாலு கம்பியும் அதே சத்தம்தானே போடும்? சிரிச்சா. விரலை வச்சு முதல் தட்டு தட்டுனா பாருங்க, பூனை வாலை மிதிச்ச மாதிரி ஒரு சத்தம். மைக் வேற பக்கத்துல.

மறுபடி விரலை வச்சா. மறுபடியும் அதே. மூணாவது தடவை. முன்னாடி உக்காந்திருந்த பொடிசுங்க வாயைப் பொத்திச் சிரிக்குது. மாத்து, கையை மாத்துடி, சரியாப் புடின்னு மனசுக்குள்ள கத்தறேன். வலது பக்கம் திருப்பிப் புடிச்சிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்குமே? அவ மாத்தலை. குனிஞ்சா. ஒவ்வொரு கம்பியாத் தொட்டா, மேல இருந்து கீழ வரைக்கும், நாலையும். தொட்டுட்டு நிமுந்தா. நேரா என்னைப் பாத்தா. அத்தனை கூட்டத்துல வேற யாரையும் தேடலை.

மெர்லின் அவளோடதை எடுத்துட்டு ஓடுனா. வேண்டாம்னு தலையாட்டிட்டு மைக்கைக் கிட்ட இழுத்து, "கம்பி மாறியிருக்குங்க. இன்னொரு நாளைக்கு வாசிக்கறேன்" அப்படின்னா. எறங்கி வந்துட்டா.

மைக்குல சொல்றா! எவ்வளவு திமிரு பாருங்க. வராதுன்னு சொல்லியிருக்கலாம், தொண்டை சரியில்லைன்னு சொல்லியிருக்கலாம். ஊரே கேக்கற மாதிரி கம்பி மாறியிருக்குங்கறா. எங்க பழைய மேனேஜரு திரும்பி என்னைப் பாத்தார்.

அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் இலை போட்டுச் சோறு போட்டா. ஒரு பொட்டுக் கண்ணீர் விடலை. தங்கச்சிதான் அழுதுட்டு இருந்தா. மறுநாள் திங்கக்கிழமை காலையில தனியா வெளிய போயிட்டு மத்தியானம் வந்தா. பொழுதோட மொட்டை மாடியில இருந்து சத்தம் கேட்டுது, பாட்டு முழுசா, ஒரு தப்பு இல்லாம. செவ்வாய்க்கிழமை காலையில பையோட தங்கச்சி கூடக் கெளம்பி நிக்கறா. லிஃப்ட்டுக்கிட்ட வச்சு எங்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டா.

"கம்பியை மாத்துனது தெரிஞ்சு பண்ணுனீங்களா, தெரியாம பண்ணுனீங்களா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, "இப்ப வேண்டாம். நல்லா யோசிச்சு, சத்திக்கு நேர்ல வந்து சொல்லுங்க. அதைக் கேட்டுட்டுத்தான் நான் திரும்பி வர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்" அப்படின்னுட்டு லிஃப்ட்டுக்குள்ள போயிட்டா.

மூணு மாசம் ஆச்சு. நான் போகலை. எதுக்குப் போகோணும்? அவளே வருவான்னு இருந்தேன். ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன். ஒரு ஆளுக்கு ரசம் வச்சா மூணு நாளைக்கு மிஞ்சுதுங்க. ஊட்டுல ஒரு சத்தம் இல்லை. என்ர செருப்புச் சத்தம்தான் கேக்குது. பொண்ணு தெனம் போன்ல சத்தம் போடறா. "அப்பா, தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்மா வந்துருவாங்க. இவ்வளவுதானே?" அதான் கெளம்பிட்டேன். நான் வர்றேன்னு இந்துஜா சத்திக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டா. சகலை பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டுட்டு வந்து நிப்பார். ஊட்டுல சமைச்சு வச்சிருக்கறாளாமா, வசந்தாமணியே.

அன்னூர் போயி எவ்வளவு நேரமாச்சு? புளியம்பட்டியும் தாண்டியாச்சா. பேசிட்டே வந்தா நேரம் போறது தெரியலை.

நீங்க யாரோ, நான் யாரோ. எறங்குனா மறுபடி பாக்கப் போறதில்லை. அதனால உங்ககிட்டச் சொல்றதுல ஒன்னுமில்லை. தெரியாமன்னு சொன்னேன்ல? அது பொய்யிங்க.

அந்த ஸ்டீபன் டப்பாவைக் கையில வாங்குனதும் சொல்லிட்டார். "ஐயா, இது அந்த அம்மாவுக்கு நான் இடது கைக்கு மாட்டிக் கொடுத்தது. இதை மாத்துனா அவங்களால ஒரு பாட்டு வாசிக்க முடியாது. இன்னைக்குத்தானே அவங்களுக்கு விழா? அவங்க சொன்னாங்களே" அப்படின்னார். நான், "தெரியும். மாத்து" அப்படின்னேன். அவர் யோசிச்சார். "நான் அவ புருசன், நான் சொல்றேன் மாத்து"ன்னேன். மாத்துனார். மாத்தி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.

ஆமாங்க. அவ மேடையில தடுமாறோணும்னுதான் பண்ணுனேன். எனக்கு ஆத்திரம். தடுமாறுனா என்னைப் பாப்பா, நான் "கை"ன்னு வாயசைப்பேன், உடனே மாத்திப் புடிப்பான்னு நெனச்சேன். எத்தனை பேரு இருந்தாலும் என்ர வார்த்தைக்கு மாத்துவான்னு. பாத்தா. நான் வாயசைச்சேனுங்க. அவ மாத்தலை.

போகட்டும். அதை யாரு இப்பக் கெளறப் போறாங்க? தெரியாதுன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. ஒரு வாரத்துல எல்லாம் பழையபடி ஆயிரும்.

என்னங்க கேட்டீங்க? கம்பியை மறுபடி யாரு சரி பண்ணிக் கொடுத்தாங்களா? அவளேதான் கொண்டு போயி மாத்திட்டு வந்தா. அதான் சொன்னேனே, திங்கக்கிழமை காலையில. அதெல்லாம் ஊட்டுல மாத்த முடியாதுங்க, காடி அராவோணும். எந்தக் கடைன்னா? வேற எங்க போவா? ஸ்டீபன் கடைக்குத்தான்.

ஸ்டீபன் கடைக்குத்தான் போயிருக்கறா.

திங்கக்கிழமை அங்க போயிருக்கறா. செவ்வாய்க்கிழமை என்னைக் கேட்டிருக்கறா. அந்த ஆளு சொல்லாம இருந்திருப்பாரா? நான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருப்பார். "தெரியும், மாத்துன்னு சொன்னாரம்மா, பக்கத்துலயே நின்னாரம்மா"ன்னு. அப்ப அவளுக்குத் தெரியும். லிஃப்ட்டுக்கிட்ட நின்னு கேக்கறப்பவே தெரியும். இந்த மூணு மாசமும் தெரியும்.

அப்பறம் எதுக்குங்க கேட்டா?

என்ன பொம்பளைங்க இவ! எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, ஒன்னும் தெரியாத மாதிரி நின்னு கேட்டிருக்கறாளே! கட்டுன புருசனை இப்படியா சோதிக்கறது? இவகூட இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கறேன். இவ்வளவு கள்ளத்தனம் உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியவே இல்லையே!

நெசத்தையே சொல்லிருங்கன்னு சொல்றீங்களா? தெரிஞ்சுதான் பண்ணுனேன்னா? உங்களுக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டீங்க. சொன்னா அவ வருவாளா? வருவா. எனக்குத் தெரியும், சொன்னாத்தான் வருவா. அதுக்குத்தான் மூணு மாசமா உக்காந்திருக்கறா. ஆனா சொல்லிட்டு அந்த ஊட்டுக்குள்ள நான் எப்படிங்க நடமாடறது? தெனம் சோறு போடறப்ப அவளுக்குத் தெரியும், நான் சொன்னேன்னு. எந்தக் கையில வேணும்னாலும் போடுவா. நான் என்ன சொல்ல முடியும்? வாயே தொறக்க முடியாதே. அது என்னால ஆகாதுங்க. பொய்யும் சொல்ல முடியாது இனி, அவ மூஞ்சியைப் பாத்துட்டு. தெரிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு நிப்பாளே.

சத்தி வந்துருச்சா? அதுக்குள்ளயா?

கண்டக்டர்! எனக்குப் பண்ணாரி வரைக்கும் ஒரு சீட்டுக் கொடுங்க. ஆமா, சத்திக்குத்தான் எடுத்தேன். இப்பப் பண்ணாரிக்குக் கொடுங்க, அம்மனைக் கும்பிட்டு ரொம்ப நாளாச்சு. அங்க இருந்து அப்படியே கோயமுத்தூர் வண்டி ஏறிக்கறேன்.

நீங்க எறங்குங்க, உங்க புள்ளை காத்துட்டு இருக்கும். ஒரே ஒரு உதவிங்க. அந்தா, டீக்கடைக்கிட்ட, சிவப்பு வண்டியில சாஞ்சுட்டு நிக்கறாரே, நீலச் சட்டை, அதான் என்ர சகலை. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றார். நான் இந்தப் பக்கம் குனிஞ்சு உக்காந்துக்கறேன். எறங்கறப்ப உங்களைக் கேட்டாலும் கேப்பார், நாச்சிமுத்துன்னு ஒருத்தர் வண்டியில வந்தாரான்னு. அப்படி யாரும் வரலைன்னு சொல்லிருங்க.